1960களின் அமெரிக்கப் பெண்கள் பாட்டுக் குழுக்களில் எது பிடிக்கும்: ரோனெட்ஸா, ஷிரெல்ஸா?

ரோனெட்ஸின் 'பி மை பேபி' (1963) பாட்டை அடையாளம் காண ஹால் பிளெய்னின் டிரம் போதும்: டும், டும்-டும், டக்! ஒரே ஸ்டுடியோவில் பியானோ, கிட்டார் என்று வாத்தியங்களை அடுக்கடுக்காகக் குவித்து தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டர் எழுப்பிய ஒலிச்சுவர் அது. குழுவின் முதன்மைப் பாடகி ரானியின் குரல் அதையும் தாண்டி வருகிறது.

ஷிரெல்ஸின் 'வில் யூ லவ் மீ டுமாரோ' (1960) வேறு ரகம். இன்றிரவு சரி, நாளைக்கும் காதலிப்பாயா என்று ஒரு பெண் நேராகக் கேட்கிறாள். அந்தக் காலத்தில் அது துணிச்சல்தான். 1961இல் அமெரிக்காவின் பில்போர்டு பாடல் தரவரிசையில் முதலிடம். 'பி மை பேபி'யில் ரோனெட்ஸ் 2ஆம் இடத்தோடு நின்றார்கள்.

ஆடுவதற்கு ரோனெட்ஸ். ஆனால், தூக்கம் வராத இரவில் என் கை தேடுவது ஷிரெல்ஸைத்தான். பதில் கடைசிவரை வராத பாட்டாயிற்றே!