அயிப்டேசியா-எக்ஸ் 60 மில்லி: வன்னித் தொட்டிக்கு வாங்கலாமா?

கடல்நீர் மீன்தொட்டியின் உயிர்ப்பாறையில், அதாவது நுண்ணுயிர்கள் குடியிருக்கும் கல்லில், பழுப்பு நிறமாய், ஒளி ஊடுருவுகிற மாதிரி ஒரு சின்னக் கடல் சாமந்தி முளைத்தால் வடிவாயிருக்கென்று விட்டுவிடாதீர்கள். அயிப்டேசியா என்ற, களை போலப் பரவும் கடல் உயிர் அது. தட்டினால் பொந்துக்குள் சுருங்கும். சுரண்டினால் கல்லில் ஒட்டிக்கிடக்கும் அடிப்பாதத் துணுக்கிலிருந்து புதுசு முளைக்கும். பல்துலக்கி போட்டுத் தேய்ப்பது களை பிடுங்கலல்ல, விதைப்பு.

ரெட் சீ நிறுவனத்தின் அயிப்டேசியா-எக்ஸ் கூழ் அதைச் சுரண்டுவதில்லை, கூழையே அதற்குத் தின்ன வைக்கிறது. இரையென்று விழுங்கியதும் உள்ளேயே சிதைந்து போகிறது. அதனால் பலனில் பாதி மருந்தால், மீதி உங்கள் கைப்பக்குவத்தால்.

போத்தலை நன்றாகக் குலுக்குங்கள். அடியில் மண்டி படிந்திருந்தால் ஊசிக்குழலுக்குள் வெறும் தண்ணீர்தான் வரும். நீரோட்ட மோட்டர்களை நிறுத்தி, நுனியை வாய்க்கு மேலே தொடாமல் பிடித்து, சொட்டுச் சொட்டாக விடுங்கள். வாய் மூடும் வரை விட வேண்டும். அவசரப்பட்டு அமுக்கினால் சுருங்கிவிடும், மருந்து வெளியே கிடக்கும். 10–15 நிமிடத்தில் மோட்டரைப் போடலாம். வன்னி வெக்கையில் சூடான தண்ணீரில் ஒட்சிசன் குறைவு, அதற்கு மேல் இழுத்தடிக்க வேண்டாம். பவளத்தின் மேல் விழுந்த கூழை மோட்டர் போடுமுன் உறிஞ்சி எடுங்கள்.

100 லீற்றர் தொட்டியில் ஒரு நாளைக்கு ஐந்தாறு போதும். செத்தது அழுகி அமோனியா ஏறும். சில நாள் கழித்து அதே இடத்தைத் திரும்பப் பாருங்கள், குட்டிகள் எப்படியும் நிற்கும்.

குறை என்றால், ஆழப் பொந்துக்குள் இருப்பதற்கு இது எட்டாது. கொழும்பிலிருந்து எடுப்பிக்கவும் வேண்டும். இரண்டு மூன்றுக்காக அந்தச் செலவு தேவையா? அயிப்டேசியாவைக் கொல்லப் பாவிக்கும் இன்னொரு காரப்பொருள் கல்சியம் ஐதரொட்சைட்டு, வெற்றிலைச் சுண்ணாம்பும் அதுதான். நிறமோ வாசனையோ சேராத வெள்ளைச் சுண்ணாம்பாக எடுத்து, ஆர்.ஓ. தண்ணீரில் தயிர்ப் பதத்துக்குக் குழைத்து, மருந்துக்கடைச் சிரிஞ்சில் தடித்த ஊசி போட்டு அயிப்டேசியாவின் மேலே விட்டு மூடிவிடுங்கள். மெல்லிய ஊசி அடைத்துக்கொள்ளும். திறந்து வைத்துக் காய்ந்த சுண்ணாம்பு காற்றோடு சேர்ந்து கல்சியம் காபனேற்றாகிவிடும், அதில் காரமில்லை. சுண்ணாம்பு தண்ணீரின் பீ.எச். அளவை (அமில, காரத் தன்மையின் அளவு) ஏற்றும் என்பதால் விடியப்புறம் செய்வது நல்லது, இரவு முழுக்கக் காபனீரொட்சைட்டு சேர்ந்து அப்போதுதான் பீ.எச். தாழ்ந்திருக்கும். கண்ணில் தெறிக்காமல் கவனம். பவளத்துக்குப் பக்கத்தில் நிற்கும் அயிப்டேசியாவுக்குச் சுண்ணாம்பு வேண்டாம், அங்கேதான் போத்தலுக்கு மதிப்பு.

கல் முழுக்கப் பரவிவிட்டால் இரண்டும் உதவாது. பெர்கியா என்ற கடல் நத்தை அயிப்டேசியாவை மட்டுமே தின்னும், முடிந்ததும் பட்டினியில் சாகும். அயிப்டேசியாவைத் தின்னும் பெப்பர்மின்ட் இறால் என்று சொல்லி ஒட்டக இறாலைத் தந்துவிடுவார்கள். முதுகில் கூனும் சிவப்பு வெள்ளைக் கோடுகளும் இருந்தால் வாங்காதீர்கள், அது அயிப்டேசியாவை விட்டுவிட்டுப் பவளத்தைக் கொத்தும். கல்லையே மாற்றிவிடலாம் என்று முல்லைத்தீவுக் கரையிலோ மன்னாரிலோ பவளக்கல் பெயர்க்கப் போகவேண்டாம், சட்டப்படி குற்றம்.

வேலை முடிந்த கையோடு ஊசிக்குழலைக் கழுவுங்கள். சுண்ணாம்பென்றால் வினாகிரி விட்டு, பிறகு தண்ணீர். காய விட்டால் அடுத்த முறை நுனி அடைத்து, அமுக்கும்போது மொத்தமும் ஒரேயடியாகப் பாயும்.