தாய்ப்பாலா புட்டிப்பாலா, ஸ்பூனா கையா: குழந்தையின் எடைக்கு எந்த வழி நல்லது?

கைக்குழந்தை இருக்கும் வீட்டில் முதல் இரண்டு வருடமும் ‘இதா, அதா’ என்ற கேள்விகள்தான். தாய்ப்பாலா ஃபார்முலா பாலா, மணி பார்த்துக் கொடுப்பதா கேட்கும்போது கொடுப்பதா, மசித்து ஊட்டுவதா அதன் கையிலேயே கொடுத்துவிடுவதா. ஒவ்வொன்றுக்கும் இரண்டு கட்சி உண்டு, இரண்டும் உறுதியாகப் பேசும். இங்கே நான் எல்லாவற்றையும் ஒரே ஒரு கேள்வியை வைத்துப் பார்க்கிறேன். பின்னாளில் குழந்தைக்கு உடல் பருமன் வராமல் தடுக்க எது உண்மையிலேயே உதவுகிறது?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தப் பால், எந்த உணவு என்பதைவிட, ‘போதும்’ என்று முடிவு செய்வது குழந்தையா பெரியவரா என்பதுதான் எடை விஷயத்தில் அதிகம் கணக்கில் வருகிறது.

தாய்ப்பாலும் புட்டிப்பாலும்

தாய்ப்பால் சிறந்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தொற்றுநோய்களிலிருந்து அது தரும் பாதுகாப்பு ஒன்றே போதும். முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும், அப்புறம் இணை உணவோடு சேர்த்து 2 வயது வரையோ அதற்கு மேலுமோ தாய்ப்பால் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஆனால் ‘தாய்ப்பால் குடித்த பிள்ளை குண்டாகாது’ என்று உத்தரவாதம் கொடுப்பது வேறு விஷயம்.

தாய்ப்பால் குடித்த குழந்தைகளிடம் பருமன் குறைவு என்று பல கணக்கெடுப்புகள் காட்டியிருக்கின்றன. சிக்கல் என்னவென்றால், நீண்ட நாள் தாய்ப்பால் கொடுக்க முடிகிற தாய்மாரின் படிப்பும் வருமானமும் உடல்நிலையும் மற்றவர்களிடமிருந்து வேறுபடலாம். எது எதன் விளைவு என்று பிரிப்பது கடினம். இதைச் சோதித்த மிகப் பெரிய ஆய்வு பெலாரஸில் நடந்தது. 1996-97இல் 31 மருத்துவமனைகளைக் குலுக்கல் முறையில் இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவில் மட்டும் தாய்ப்பாலூட்டக் கூடுதல் பயிற்சியும் ஆதரவும் கொடுத்தார்கள். 17,000க்கும் மேற்பட்ட குழந்தைகள். ஆதரவு கிடைத்த தாய்மார் அதிக காலம் பாலூட்டினார்கள், முதல் வருடத்தில் வயிற்றுத் தொற்று குறைந்தது. ஆனால் அந்தக் குழந்தைகளுக்குப் பதினொன்றரை வயதானபோது பார்த்தால் பருமன் குறையவில்லை. அங்கே எல்லாருமே தாய்ப்பாலில் தொடங்கியவர்கள்தான், எனவே தாய்ப்பாலையும் ஃபார்முலாவையும் நேருக்கு நேர் நிறுத்திய ஆய்வு இது இல்லை. இருந்தாலும் தாய்ப்பால் ஒன்றையே நம்பி மற்றதை விட்டுவிடக் கூடாது என்பதற்கு இது போதுமான எச்சரிக்கை. தாய்ப்பால் கொடுக்க முடியாமல் போன தாய், பிள்ளையின் எடையைக் காட்டிக் குற்ற உணர்வு கொள்ளவும் தேவையில்லை.

ஃபார்முலா பால்தான் என்று ஆகிவிட்டால் அங்கேயும் ஒரு தேர்வு இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. தாய்ப்பாலில் 100 மில்லிக்குச் சுமார் 1 கிராம் புரதம்தான். பசும்பாலில் அதைப் போல மூன்று மடங்கு. பெல்ஜியம், ஜெர்மனி, இத்தாலி, போலந்து, ஸ்பெயின் ஆகிய ஐந்து நாடுகளில் ஓர் ஆய்வு நடந்தது. முதல் வருடத்தில் சில குழந்தைகளுக்குப் புரதம் அதிகமான ஃபார்முலா, சிலருக்குக் குறைவானது. 6 வயதில் பார்த்தபோது, அதிகப் புரதம் குடித்தவர்களுக்குப் பருமன் வரும் வாய்ப்பு மற்றவர்களைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. ‘புரதம் கூடுதலாக இருந்தால் நல்லதுதானே’ என்ற பெரியவர்களின் கணக்கு கைக்குழந்தைக்குப் பொருந்தாது. எந்த வகை வாங்குவது என்று குழந்தை மருத்துவரிடம் கேட்கும்போது புரத அளவையும் சேர்த்துக் கேளுங்கள்.

இனிதான் எனக்கு முக்கியமாகப் படும் இடம். பாலைவிடப் புட்டியைத்தான் நாம் அதிகம் பேச வேண்டும். 2010இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, ஒரு வயதை நெருங்கும் குழந்தைகளில் எத்தனை பேர் கொடுத்த பாலை மிச்சமில்லாமல் குடித்து முடிக்கிறார்கள் என்று பார்த்தது. ஆரம்ப மாதங்களில் நேரடியாக மார்பில் மட்டும் குடித்தவர்களில் 27 சதவீதம். இரண்டு விதமாகவும் குடித்தவர்களில் 54. புட்டியில் மட்டுமே குடித்தவர்களில் 68. புட்டியில் இருந்தது தாய்ப்பாலா ஃபார்முலாவா என்பது இதில் பெரிய வித்தியாசம் தரவில்லை.

காரணத்தை ஊகிப்பது கடினமில்லை. மார்பில் குடிக்கும்போது உறிஞ்சும் வேலை குழந்தையுடையது, எவ்வளவு குடித்தது என்பது அம்மாவின் கண்ணுக்குத் தெரியாது. வாயை எடுத்துவிட்டால் முடிந்தது. புட்டியில் அடியில் தங்கிய 20 மில்லி நம் கண்ணை உறுத்திக்கொண்டே இருக்கும். ‘இன்னும் ஒரு வாய்தான்’ என்று மறுபடி நிப்பிளை வாயில் வைப்போம். குழந்தைக்கு நிறைந்துவிட்டது என்று சொன்ன வயிற்றின் குரலை, நாளுக்குப் பல முறை, மாதக்கணக்கில் மீறப் பழக்குகிறோம்.

எனவே புட்டிதான் உங்கள் வழி என்றால் அதை மார்பின் போக்குக்குக் கொண்டுவர முடியும். குழந்தையை நிமிர்த்திப் பிடியுங்கள், புட்டியைச் செங்குத்தாகக் கவிழ்க்காமல் கிட்டத்தட்டப் படுக்கையாக வையுங்கள், மெதுவாக வரும் நிப்பிளைப் பயன்படுத்துங்கள், நடுநடுவே நிறுத்தி அதன் முகத்தைப் பாருங்கள். தலையைத் திருப்பிக்கொள்வது, உறிஞ்சும் வேகம் குறைவது, மூடியிருந்த விரல்கள் தளர்ந்து விரிவது, நிப்பிளை நாக்கால் தள்ளுவது எல்லாம் ‘போதும்’ என்பதன் அடையாளங்கள். மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். பால் வீணாகிறதே என்று மனம் அடித்துக்கொள்ளும், தெரியும். அடுத்த முறை குறைவாகக் கலக்கலாம். இப்படிக் கொடுக்கும் புட்டிக்கும் மார்புக்கும் எடை விஷயத்தில் உள்ள இடைவெளி பெருமளவு சுருங்கும் என்றே நான் நினைக்கிறேன்.

மணி பார்த்தா, முகம் பார்த்தா

இதில் நீண்ட அலசல் வேண்டாம். முகம் பார்த்துக் கொடுப்பதே நல்லது. வாயைத் திறந்து தேடுவது, கையை வாய்க்குக் கொண்டுபோவது எல்லாம் பசியின் ஆரம்பம், அழுகை அதன் கடைசிக் கட்டம். ஒரே ஒரு விதிவிலக்கு பெரியது: குறைமாதக் குழந்தை, பிறந்ததும் குறைந்த எடை இன்னும் பிறந்த எடைக்குத் திரும்பாத குழந்தை, எழுப்பினால்தான் குடிக்கும் தூங்குமூஞ்சிக் குழந்தை. இவர்களுக்கு மருத்துவர் சொன்ன மணிக்கணக்கே சரி.

அழுதால் பாலா, முதலில் ஆறுதலா

‘அழுத பிள்ளை பால் குடிக்கும்’ என்ற பழமொழியை எடுத்த எடுப்பிலேயே நடைமுறைப்படுத்துகிறவர்கள் நாம். ஆனால் குழந்தை தூக்கத்துக்கும் அழும், ஈரத்துக்கும் அழும், சலிப்புக்கும் அழும், தூக்கி வைத்துக்கொள்ளச் சொல்லியும் அழும். எல்லாவற்றுக்கும் பாலே பதில் என்றால், மனம் சங்கடப்படும்போதெல்லாம் சாப்பிடுவது என்ற பாடம் பேச்சு வருவதற்கு முன்பே பதிந்துவிடுகிறது.

இந்த இரண்டு வழிகளையும் ஒப்பிட நம்மிடம் இருக்கும் நல்ல ஆதாரம் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் நடந்த இன்சைட் ஆய்வு. முதல் குழந்தை பெற்ற 279 தாய்மார். செவிலியர்கள் முதல் வருடத்தில் நான்கு முறை வீட்டுக்கே போனார்கள். ஒரு பிரிவுக்கு வீட்டுப் பாதுகாப்பு பற்றிச் சொல்லிக் கொடுத்தார்கள். மறு பிரிவுக்குச் சொன்னவை இவை: பசியையும் நிறைவையும் எப்படிக் கண்டுகொள்வது, பசியில்லாத அழுகையைப் பால் இல்லாமல் எப்படித் தணிப்பது, குடித்துக்கொண்டே தூங்காமல் விழித்திருக்கும்போதே படுக்கையில் கிடத்துவது, விளையாட்டு. 2018இல் வெளியான முடிவின்படி, 3 வயதில் இரண்டாம் பிரிவுக் குழந்தைகளின் சராசரி பிஎம்ஐ (உயரத்தோடு ஒப்பிட்ட எடைக் கணக்கு) குறைவாக இருந்தது. வித்தியாசம் சிறியதுதான், பருமனானவர்களின் விகிதத்தில் தெளிவான வேறுபாடு வரவில்லை. ஆனால் இந்தக் குழந்தைகள் யாருக்கும் உணவைக் குறைக்கச் சொல்லவில்லை என்பதை நினைத்துப் பாருங்கள். கேட்டதைக் கேட்டபடி புரிந்துகொள்ளச் சொன்னார்கள், அவ்வளவே.

தூக்கத்துக்கும் இதில் பெரிய பங்கு இருப்பதாகத் தெரிகிறது. நியூசிலாந்தில் 802 குடும்பங்களிடம் நடந்த ஆய்வில் ஒரு பிரிவுக்கு உணவு, உடலசைவு, தாய்ப்பால் பற்றி விரிவான ஆலோசனை, இன்னொரு பிரிவுக்குத் தூக்கம் பற்றி மட்டும், மூன்றாவதற்கு இரண்டும், நான்காவதற்கு வழக்கமான கவனிப்பு. பருமனைக் குறைத்தது தூக்க ஆலோசனைதான். உணவு ஆலோசனை மட்டும் பெற்றவர்களிடம் அப்படி நடக்கவில்லை. 4 முதல் 11 மாதக் குழந்தைக்கு ஒரு நாளில் 12 முதல் 16 மணி நேரத் தூக்கம் தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். வீட்டில் எல்லாரும் விழித்திருப்பதால் குழந்தையும் விழித்திருக்கிறது என்றால், மாற்ற வேண்டியது நம் பழக்கத்தை.

4 மாதமா 6 மாதமா, ஸ்பூனா கையா

பாஸ்டன் பகுதிக் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வில், ஃபார்முலா குடித்தவர்களுக்கு 4 மாதத்துக்கு முன்பே திட உணவு கொடுத்திருந்தால் 3 வயதில் பருமன் வரும் வாய்ப்பு சுமார் ஆறு மடங்காக இருந்தது. தாய்ப்பால் குடித்தவர்களிடம் அந்தத் தொடர்பு காணவில்லை. ‘ராத்திரி நன்றாகத் தூங்கும்’ என்று புட்டிப்பாலில் மாவைக் கலப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 4 மாதத்துக்கு முன் கூடவே கூடாது, 6 மாதம் வரை பொறுப்பது நல்லது.

ஸ்பூனால் ஊட்டுவதா, குழந்தையே கையால் எடுத்துச் சாப்பிட விடுவதா என்ற சண்டைக்கு எடை விஷயத்தில் பெரிய அர்த்தமில்லை. நியூசிலாந்தின் இன்னோர் ஆய்வில் 1 வயதிலும் 2 வயதிலும் இரு பிரிவினரின் பிஎம்ஐயில் வித்தியாசம் இல்லை. தானே எடுத்துச் சாப்பிட்டவர்கள் உணவில் முரண்டு பிடிப்பது குறைவாக இருந்தது, அது நல்ல லாபம். புரை ஏறாத அளவுக்கு மென்மையாகவும், இரும்புச்சத்து குறையாமலும் பார்த்துக்கொண்டால் எந்த வழியும் சரி. ஸ்பூனை நீட்டிவிட்டு, குழந்தை முன்னால் வந்து வாய் திறக்கும் வரை காத்திருப்பவர் கையில் ஸ்பூனும் நல்ல கருவிதான்.

கட்டாயமும் தடையும்

ஒரு வயதுக்குப் பிறகு வீடுகள் இரண்டாகப் பிரிகின்றன. தட்டைக் காலி செய்யச் சொல்லி வற்புறுத்தும் வீடு ஒன்று. குண்டாகிவிடும் என்று பயந்து இனிப்பையெல்லாம் கண்ணெதிரே வைத்துக்கொண்டே தொடாதே என்று சொல்லும் வீடு இன்னொன்று. இரண்டும் எதிரெதிராகத் தெரிந்தாலும் இரண்டிலும் குழந்தையின் வயிற்றுக்குப் பேச இடமில்லை. கண்ணில் காட்டிக் கையில் கொடுக்காத தின்பண்டத்தைக் குழந்தைகள் முன்பைவிட அதிகமாக விரும்புகிறார்கள் என்று 1999லேயே சோதனையில் காட்டிவிட்டார்கள். வேண்டாததை வாங்கி வைக்காமல் இருப்பது பலன் தரும். வாங்கி வைத்துக் காவல் காப்பது தராது. ஒரு வயது வரை பழச்சாறு வேண்டாம் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் 2017 பரிந்துரை. இரண்டு வயது வரை இனிப்புப் பானமே வீட்டுக்குள் வராமல் இருந்தால் சண்டைக்கே வேலையில்லை.

இந்த இரண்டுக்கும் மாற்றாக நான் ஆதரிக்கும் வழி, பொறுப்பைப் பிரித்துக்கொள்வது. என்ன உணவு, எப்போது, எங்கே என்பது பெரியவர் கையில். எவ்வளவு, சாப்பிடுவதா வேண்டாமா என்பது குழந்தை கையில். புதிய காயை முதல் முறை துப்பினால் விட்டுவிட்டு இன்னொரு நாள் மறுபடி வையுங்கள். எட்டு, பத்து முறைக்குப் பிறகு ஏற்றுக்கொள்வது சாதாரணம். சாப்பிடும்போது கைபேசி கூடாது, ஏனென்றால் திரையைப் பார்த்து வாய் திறக்கும் குழந்தைக்கு வயிறு நிறைந்தது தெரியாது, ஊட்டுபவருக்கும் தெரியாது. பாட்டி, தாத்தா, பகலில் பார்த்துக்கொள்பவர் எல்லாருக்கும் இதையே சொல்லி வைக்க வேண்டும்.

இவ்வளவும் செய்துகொண்டே எடையைக் கவனிப்பது எப்படி என்றால், 2006இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வளர்ச்சி வரைபடத்தில் குழந்தையின் எடை எந்தக் கோட்டை ஒட்டிப் போகிறது என்று பாருங்கள். ஆரம்பத்திலிருந்து ஒரே கோட்டை ஒட்டி வரும் கொழுகொழு குழந்தையைப் பற்றிக் கவலை வேண்டாம். சில மாதங்களுக்குள் கோடுகளைத் தாண்டி மேலேறினாலோ கீழிறங்கினாலோ மருத்துவரிடம் காட்டி, நீளத்துக்கேற்ற எடை இருக்கிறதா என்று கேளுங்கள். எடையைக் குறைக்கிறேன் என்று நீங்களாகவே ஃபார்முலாவில் தண்ணீரைக் கூட்டிவிடாதீர்கள். அது குழந்தையின் உயிருக்கே ஆபத்து.