"1967 ஒரிஜினல்" என்று விற்ற கிதார்: பழைய கிதார் வாங்குபவர்கள் கவனத்துக்கு

பழைய கிதார்களும் விசித்திர வடிவ கிதார்களும் விற்கும் ஒரு கடையில் அமெரிக்காவின் கிப்சன் நிறுவனம் செய்த இ.எஸ்-335 என்ற எலெக்ட்ரிக் கிதார் ஒன்று வாங்கினேன். "1967, முழுக்க ஒரிஜினல்" என்று விளம்பரம். கடைக்காரரும் அதையேதான் அடித்துச் சொன்னார். இரண்டுமே பொய். தகராறு இன்னும் முடியாததால் கடையின் பெயரைப் போடவில்லை.

சீரியல் நம்பரைக் காட்டித்தான் நம்ப வைத்தார். ஆறு இலக்கம், அட்டவணையில் பார்த்தால் 1967 என்றே வரும். ஆனால் 60களில் அடித்த ஆறு இலக்க எண்களையே கிப்சன் 1970 முதல் 1975 வரை மறுபடியும் அடித்திருக்கிறது. இது தொழிலில் இருப்பவருக்குத் தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை. 1970இலிருந்து எண்ணோடு 'மேட் இன் யு.எஸ்.ஏ.' முத்திரையும் இருக்கும். என் கிதாரில் அது இல்லை, அதனால் 1967 என்றே தோன்றியது. உள்ளே இருக்க வேண்டிய லேபிளும் இல்லை. லேபிள் எங்கே என்று கேட்டதற்கு, "இத்தனை வருஷத்துல உதிர்ந்திருக்கும்" என்றார். சரி, நடக்கக்கூடியதுதான்.

ஃபிரெட் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்) தேய்ந்திருந்ததால் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்தேன். அவர் அறை விளக்கை அணைத்துவிட்டு புற ஊதா டார்ச்சை அடித்தார். பழைய நைட்ரோ லாக்கர் பூச்சு அந்த வெளிச்சத்தில் பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும். உடல் முழுக்க அப்படித்தான் ஒளிர்ந்தது. ஹெட்ஸ்டாக்கின் (கம்பிகளை முறுக்கும் தலைப்பகுதி) பின்பக்கம் மட்டும் கன்றிப்போன ஊதா. நட்டுக்கு (தலையும் கழுத்தும் சேரும் இடத்தில் கம்பிகள் படியும் கட்டை) பின்னால் சாய்வாக ஒரு கோடு. டிரஸ் ராடுக்காக (கழுத்து வளையாமல் தாங்கும் இரும்புக் கம்பி) குடைந்த இடம் அது, கிப்சன் கழுத்தில் மரம் மிகவும் மெலிந்திருப்பதும் அங்கேதான். கிதார் மல்லாக்க விழுந்தால் உடைவதும் அங்கேதான். உடைந்ததை ஒட்டி, இழைத்து, மேலே புதிதாகப் பூசியிருக்கிறார்கள். அங்கே இருக்கும் சீரியல் நம்பரை மட்டும் பத்திரமாக விட்டுவிட்டு, அதன் கீழே 'மேட் இன் யு.எஸ்.ஏ.' இருந்திருக்க வேண்டிய இடத்தை நிரப்பியிருக்கிறார்கள். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் பூச்சுக்கு அடியில் எழுத்துகளின் பள்ளம் மங்கலாகத் தெரிகிறது. ஒட்டியது உடைப்புக்காக, இது எதற்காக?

அப்புறம் பல் டாக்டர் வைத்திருக்கும் சின்னக் கண்ணாடியை கிதார் உடலின் எஃப் வடிவத் துளைக்குள் விட்டு வால்யூம் பாட்டை (ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகின் உள்பாகம்) பார்த்தார். அதில் அடித்திருந்த எண் 1377031. முதல் மூன்று இலக்கம் தயாரித்த நிறுவனம் (137 என்றால் சி.டி.எஸ்.), அடுத்த இரண்டு வருடம், கடைசி இரண்டு வாரம். 1970ஆம் ஆண்டின் 31ஆவது வாரத்தில் செய்த பாட் 1967 கிதாருக்குள் எப்படிப் போனது? பின்னால் யாராவது மாற்றியிருந்தால் போயிருக்கலாம்தான். ஆனால் ஒயர்களை ஒட்டிய ஈயப் பற்று எல்லாம் மங்கி, கை படாமல் இருந்தது, அதாவது மாற்றிய அடையாளமே இல்லை.

ஹெட்ஸ்டாக் உடைந்து ஒட்டிய கிதாரின் விலை சந்தையில் ஏறக்குறைய பாதியாகிவிடும். செய்த வருடம் பிந்தியதாக இருந்தால் இன்னும் இறங்கும். நான் கொடுத்தது உடையாத 1967க்கான விலை.

திருப்பிக் கொடுக்கப் போனபோது பில்லை எடுத்துக் காட்டச் சொன்னார். "விண்டேஜ் கிதார், உள்ளது உள்ளபடி" என்று ஒரே வரி. வருடம், மாடல், பழுது, மறுபூச்சு எதுவும் கிடையாது. வாயால் சொன்னதை எல்லாம் நான் தப்பாகப் புரிந்துகொண்டேனாம்.

அதே கடையில் ஜப்பானிய நகல் கிதார்கள் ஒரு வரிசை தொங்குகின்றன, எல்லாவற்றிலும் 'லாசூட்' என்று அட்டை, அதாவது கிப்சன் வழக்குப் போட்ட நகல்கள் என்று அர்த்தம். கிப்சனின் அன்றைய உரிமையாளரான நார்லின் 1977இல் வழக்குப் போட்டது ஜப்பானிய பிராண்டான இபானெஸின் அமெரிக்க விநியோகஸ்தரான எல்கர் மீது, அதுவும் ஹெட்ஸ்டாக் வடிவத்துக்காக. கண்ட நகலுக்கெல்லாம் அந்த அட்டையை மாட்டி விலை ஏற்றுவது வெறும் வியாபாரம்.

நான் கார்டில் பணம் கட்டியதால் வங்கியில் புகார் கொடுத்திருக்கிறேன். எழுத்தில் என்ன சொன்னார்கள் என்று கேட்டார்கள். பில் உதவவில்லை. கையில் இருப்பது விளம்பரத்தை அன்றைக்கே எடுத்து வைத்த ஸ்கிரீன்ஷாட் மட்டும். "1967, முழுக்க ஒரிஜினல், உடைப்பு இல்லை" என்று அதில் தெளிவாக இருக்கிறது. நான் கடைக்குப் போய்க் கேட்ட அன்று மாலையே அந்த விளம்பரத்தை எடுத்துவிட்டார்கள்.