சக்கரம் வைத்த கமோட் நாற்காலி (இருக்கைக்குக் கீழே வாளி உள்ள கழிப்பறை நாற்காலி): சிங்கப்பூர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் குளியலறைக்கு ஒத்துவருமா?

அலுமினியச் சட்டம், நாலும் 5 அங்குலச் சக்கரங்கள், கீழே இறக்கும் கைப்பிடிகள். கனம் குறைவு, இரும்பைப்போல் துருப்பிடிக்காது. ஆனால் பிரேக்கின் ஸ்குரூ இரும்புதான். தினமும் துடைக்காவிட்டால் முதலில் பிடி விடுவது அதுதான்.

வாங்குமுன் கதவைத் திறந்து வைத்து இடைவெளியை அளந்து பாருங்கள். நாற்காலியின் மொத்த அகலத்தைவிட 5 செமீ கூடுதலாவது வேண்டும். அடுத்து, கழிப்பறைப் பீங்கானின் உயரம். இருக்கைக்குக் கீழுள்ள வாளித் தடம் அதைவிடத் தாழ்ந்திருந்தால் பின்னால் தள்ளும்போது இடிக்கும். வாசல் மேட்டைக் கடக்கச் சாய்தளம் இல்லையென்றால் ஆளோடு சேர்த்துத் தூக்கவே வேண்டாம்.

பெரிய குறை, கையேடு. ஆங்கிலம், சீனம் மட்டுமே. தமிழ்நாட்டிலிருந்து வந்த பணிப்பெண்ணுக்கு என்ன பயன்? இதை எழுதிக் கதவில் ஒட்டுங்கள்: நாற்காலியைப் பக்கவாதம் வராத பக்கம் வை. இரண்டு பிரேக்கையும் போடு. கால்பலகையை மடக்கு. பிறகே எழுப்பு. கால்பலகைமேல் மிதித்து எழுந்தால் நாற்காலி முன்னால் கவிழும். 

இருக்கை மெத்தையின் தையல் வழியே தண்ணீர் புகுந்து நாறும், தையலில்லாத வார்ப்பு மெத்தையாகக் கேளுங்கள்.

60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு எஸ்எம்எஃப் (மூத்தோர் நடமாட்டத்துக்கு உதவும் அரசு நிதி) வழியே மானியம் உண்டு. முதலில் முதியவரின் தேவைக்கான மதிப்பீடு, அப்புறம்தான் கடை. வாசல் சாய்தளத்துக்கும் கைப்பிடிக் கம்பிக்கும் வீவகவின் ஈஸ் திட்டம் (மூத்தோருக்கு ஏற்ப வீட்டை மேம்படுத்துவது) தனி.