ஃபெர்மி தரவு: பிள்ளைகளுக்குத் தாராளமாகக் காட்டலாம்

பாளையங்கோட்டையில் இயற்பியல் சொல்லிக் கொடுக்கிறேன். குறுங்காமா வெடிப்பு, அதாவது விண்வெளியில் ஓரிரு விநாடி மின்னி மறையும் காமாக் கதிர் வீச்சு என்றால், நாசாவின் ஃபெர்மி விண்வெளித் தொலைநோக்கித் தரவைத்தான் எடுப்பேன். அதற்குக் காசு கிடையாது.

2017 ஆகஸ்ட் 17 கோப்பை இறக்கிப் பாருங்கள். நியூட்ரான் விண்மீன்கள் (செத்த விண்மீன்களின் அடர்ந்த கருக்கள்) மோதியதில் எழுந்த ஈர்ப்பலை, அதாவது வெளியையே அசைக்கும் அலை, வந்து 1.7 விநாடி கழித்து வந்த வெடிப்பு அது. கருவியில் விழுந்த ஃபோட்டான்களை (ஒளித்துகள்களை) ஒரு விநாடிக் கட்டங்களாக எண்ணி வரைந்தபோது, “சார், ஒண்ணும் தெரியலையே” என்றாள் ஒரு பிள்ளை. 64 மில்லிவிநாடிக்குக் குறைத்ததும் மேடு எழுந்து நின்றது; 50 கிலோ எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலுக்குக் கீழே உள்ளவற்றை மட்டும் வடித்தால் பின்னால் மெலிந்த வாலும் தெரிகிறது. ஒவ்வொரு ஃபோட்டானுக்கும் நேரம் குறித்திருப்பது எவ்வளவு பெரிய உபகாரம்!

குறை என்றால், ஃபெர்மியில் இந்த வெடிப்புகளைப் பிடிக்கும் காமா வெடிப்புக் கருவி மட்டும் சொல்லும் திசை பல பாகை தள்ளிப்போகலாம். அப்புறம், செல்போன் இணையத்தில் இறக்குவோர் அந்தக் கருவியின் 14 உணர்விகளின் கோப்புகளையும் எடுக்க வேண்டாம். இந்த வெடிப்புக்கு 1, 2, 5 எண் உணர்விகள் போதும்.