பைல் சுத்தம் செய்து தருகிறோம் என்றார்கள், 58,500 ரூபா போய்விட்டது

பாழாய்ப்போன பலகை இன்னும் மெஷின் மேசையிலேயே கிடக்கிறது. கழற்றி எடுக்க மனம் வரவில்லை. காசு கொடுத்து வாங்கிய வரைபடப் பைலை நம்பி வெட்டி, நேற்று இரவு ஒரு கதவு வீணாகிவிட்டது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும், ஆறினால் "சரி, போகட்டும்" என்று விட்டுவிடுவேன். விடக்கூடாது. 58,500 ரூபா.

உவர்மலையில் சின்னதாக ஒரு தச்சுப் பட்டறை வைத்திருக்கிறேன். மூன்று வருடமாக ஒரு சிஎன்சி ரவுட்டரும் ஓடுகிறது, கணினிப் பைலில் உள்ள கோட்டைப் பார்த்து மரத்தை வெட்டிக் குடையும் மெஷின் அது. போன மாதம், நிலாவெளியில் வீடு கட்டும் ஒரு அம்மா வந்தார். சாமியறைக்கு இரட்டைக் கதவு வேண்டும். தம்பலகாமத்தில் அவருடைய அப்பப்பா வீட்டுக் கதவில் இருந்த அன்னமும் தாமரைக் கொடியும் அப்படியே வர வேண்டும் என்றார். அந்த வீடு இப்போது இல்லை. கதவுக்கு முன் நின்று எடுத்த ஒரு பழைய போட்டோவும், அதைப் பார்த்து அவருடைய சித்தப்பா பேனையால் கீறி வைத்த ஒரு தாளும்தான் மிச்சம். "தம்பி, அன்னத்தின்ர கழுத்து மட்டும் மாறக்கூடாது" என்று இரண்டு தரம் சொல்லிவிட்டுப் போனார்.

பேனையால் கீறிய படத்தைக் கணினியில் தானாக டிரேஸ் பண்ணினால், அதாவது மெஷினுக்கான கோடாக மாற்றினால், என்ன வரும் என்று இந்த வேலை செய்பவர்களுக்குத் தெரியும். ஒரு கோட்டுக்கு இரண்டு கோடு வரும். மையின் வெளி ஓரம் ஒன்று, உள் ஓரம் ஒன்று. கோட்டைப் பிடித்து நிறுத்த இரண்டு புள்ளி போதுமான இடத்தில் நூறு புள்ளி இருக்கும். மூடியிருக்க வேண்டிய வளையம் மயிரிழை அளவு திறந்து கிடக்கும். ஒவ்வொன்றாக உட்கார்ந்து திருத்த எனக்கு மூன்று நான்கு இரவாவது வேண்டும். குடிபூரலுக்கு நாள் குறித்தாயிற்று. அதனால்தான் வேலையை வெளியே கொடுத்தேன்.

பெயர் எழுதவில்லை. முகநூலில் விளம்பரம் போட்டு, வட்ஸ்அப்பில் படம் வாங்கி, "சிஎன்சி ரெடி" பைலாகத் திருப்பி அனுப்பும் ஆட்கள். 16,500 ரூபா கேட்டார்கள். முழுக்காசும் போட்டால்தான் பைல்.

நான் தயங்கினேன். கதைத்த பொடியன் நல்ல மரியாதையாகத்தான் கதைத்தான். "அண்ணா, நாங்க சும்மா அனுப்ப மாட்டம். எம்டிஎஃப்ல வெட்டிப் பாத்துட்டுத்தான் தருவம்" என்றான். எம்டிஎஃப் என்றால் மரத்தூளை அழுத்திச் செய்த மலிவுப் பலகை. இரண்டு நாளில் போட்டோவும் வந்தது. எம்டிஎஃப் துண்டில் ஒரு அன்னம், கழுத்து வளைந்து, செட்டை விரித்து, ஓரமெல்லாம் அவ்வளவு சுத்தம். அதை அந்த அம்மாவுக்கு அனுப்பினேன். குரல் தழுதழுக்க ஒரு வொய்ஸ் மெசேஜ் அனுப்பினார். அதற்குப் பிறகு நான் யோசிக்கவே இல்லை, வங்கிக்குப் போய் 16,500 ரூபாவையும் போட்டுவிட்டேன். நேற்று நள்ளிரவில் அதே போட்டோவைப் பெரிதாக்கிப் பார்க்கிறேன். அந்த அன்னத்தின் வாலில் மூன்று இறகு. எங்கள் அன்னத்துக்கு ஐந்து. வேறு யாருக்கோ வெட்டியதன் படம் அது.

பைலைத் திறந்ததும் கதவு வீட்டை விடப் பெரிதாக நின்றது. மில்லிமீட்டரில் கீறியது அங்குலமாக வந்திருந்தது. 25.4 ஆல் பிரித்துச் சரிப்படுத்தினேன். வலது கதவைத் திரையில் ஓட்டிப் பார்த்தேன், பிழை தெரியவில்லை. "இடது அதே கோடுதான் அண்ணா, கண்ணாடில பாத்த மாதிரித் திருப்பியிருக்கு" என்று எழுதியிருந்தான். நம்பினேன்.

வலது கதவு ஓடும்போதே மெஷின் விக்கி விக்கித்தான் போனது. கொடியின் வளைவுகளில் நின்று நின்று ஊர்ந்தது. புள்ளி கூடினால் அப்படித்தான், ஒவ்வொரு துணுக்குக் கோட்டுக்கும் வேகம் குறையும், பிட், அதாவது சுழன்று வெட்டும் அலகு, வெட்டாமல் தேய்க்கும். முதிரை மரத்தில் கருகல் விழுந்தது. தேய்த்து எடுக்கலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அப்புறம் இடது கதவுப் பலகையை மெஷினில் பூட்டினேன்.

வேலை இதுதான்: அன்னமும் கொடியும் உயரமாக நிற்க வேண்டும், சுற்றியுள்ள தரையை மட்டும் 6 மில்லிமீட்டர் குடைய வேண்டும். மெஷினுக்கு அன்னம் தெரியாது, கோடுதான் தெரியும். எல்லைக்கோட்டுக்குள் ஒரு மூடிய கோடு வந்தால் அது தீவு, தொடாது. அந்தத் தீவுக்குள் இன்னொரு மூடிய கோடு வந்தால் மறுபடி குளம், குடைந்துவிடும். இடது அன்னத்தில் பேனைக்கோட்டின் இரண்டு ஓரங்களையும் அப்படியே விட்டிருக்கிறார்கள். வெளி ஓரம் தீவு, உள் ஓரம் குளம். தூசு உறிஞ்சியை நிறுத்திவிட்டுப் பார்க்கிறேன், அன்னம் நிற்க வேண்டிய இடத்தில் அன்னத்தின் வடிவில் ஒரு குழி. சுற்றி ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத ஓரம். கழுத்தில் விரல் பட்டதும் அதுவும் உடைந்து விழுந்தது.

பைலுக்கு 16,500, இடது கதவு முதிரைக்கு 42,000. மொத்தம் 58,500 ரூபா. என் நேரத்தையும் கரண்டையும் இதில் சேர்க்கவில்லை.

காலை ஏழு மணிக்குப் படத்தோடு அனுப்பினேன். முதல் பதில், "உங்கட மெஷின்ல ஏதும் பிழையா இருக்கும்." மெஷின் கோட்டின் மேல்தான் போயிருக்கிறது, இதோ பைல், இதோ இரண்டு கோடு என்று ஸ்கிரீன்ஷாட் அனுப்பினேன். "பிட் மழுங்கியிருக்கும் அண்ணா." புது பிட். "டிசைன் பண்ணினவர் லீவு, திங்கள் வருவார்." எம்டிஎஃப்பில் வெட்டியதாகச் சொன்னீர்களே, வாலில் ஏன் மூன்று இறகு என்று கேட்டேன். இரண்டு நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. பத்து மணிக்கு வேறு ஒருவர் வேறு நம்பரில் இருந்து: "பைல் குடுத்தாப் பிறகு எங்களுக்குப் பொறுப்பில்ல. அடுத்த ஓர்டருக்கு 10 சதவீதம் குறைச்சுத் தரலாம்." 58,500 ரூபா இழந்தவனிடம் அடுத்த ஓர்டர் கேட்கிறார்கள்! கோல் எடுத்தேன், கட் பண்ணினார்கள். மத்தியானத்துக்குள் என்னை பிளொக் பண்ணிவிட்டார்கள்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு முறையிடப் போகிறேன். பற்றுச்சீட்டு வாங்கவில்லை, வங்கிச் சிலிப்பும் வட்ஸ்அப் உரையாடலும்தான் கையில் இருக்கிறது.

எப்படிப் பைலைத் திருத்துவது என்று விளக்கமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை. இவ்வளவை மட்டும் பாருங்கள். கறுப்பு நிரப்பிய படத்தை நம்பாதீர்கள், நிறத்தை எடுத்துவிட்டு வெறும் கோடாகப் பாருங்கள், படம் கீறும் மென்பொருள்களில் அதற்கு வழி உண்டு, கோரலில் வயர்ஃபிரேம், இன்க்ஸ்கேப்பில் அவுட்லைன். ஒவ்வொரு உருவத்தையும் பிடித்துக் கொஞ்சம் இழுத்துப் பாருங்கள், அடியில் இன்னொன்று கிடந்தால் தெரிந்துவிடும். வெக்ட்ரிக் என்ற சிஎன்சி மென்பொருள் வைத்திருப்பவர்கள், கோட்டில் பிழை தேடும் அதன் வெக்டர் வாலிடேட்டரை ஓட்டுங்கள், திறந்த கோடுகளையும் தேடிப் பிடியுங்கள். திருப்பிப் போட்ட பக்கத்தையும் தனியாக ஓட்டிப் பாருங்கள். எம்டிஎஃப் துண்டில் நீங்களே வெட்டுங்கள், அவர்கள் அனுப்பும் போட்டோ எதற்கும் உதவாது. பைலைத் திறந்து பார்க்காமல் முழுக்காசும் கொடுக்காதீர்கள்.

அந்த அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. சித்தப்பா கீறிய தாள் நல்லபடியாக என்னிடம்தான் இருக்கிறது, இன்றிரவு முதல் கோட்டில் இருந்து நானே கையால் கீறப் போகிறேன். அதற்கு முன் மரக்காலைக்குப் போய் முதிரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குடிபூரலுக்கு இன்னும் 11 நாள்.