சாம்பிள் ஒரு டப்பா, சுவருக்கு வேறு டப்பா: பெயிண்ட் கான்ட்ராக்டர் விஷயத்தில் உஷார்

பெயிண்ட் கான்ட்ராக்டர் சுவரில் இரண்டு நிறத்தை அடித்துக் காட்டினால் உடனே தலையாட்டிவிடாதீர்கள், அது எந்த டப்பாவிலிருந்து வந்தது என்று கேளுங்கள். கருநீலமா, வெளிர் மணல் நிறமா என்று எங்கள் வீட்டில் பெரிய வாக்குவாதம். அவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் அடித்துக் காட்டினார், அருமையாக இருந்தது. கட்டிலுக்குப் பின்னால் இருக்கும் சுவருக்கு நீலம், மற்றதெல்லாம் மணல் நிறம் என்று முடிவு செய்து அட்வான்ஸும் கொடுத்தாயிற்று.

வேலை முடிந்து பார்த்தால் நீலச் சுவர் பலமுறை துவைத்த யூனிபார்ம் மாதிரி வெளிறிக் கிடக்கிறது. ரோலர் போன இடமெல்லாம் திட்டுத் திட்டாக, நடுவில் ஒரு கோடு வேறு, அதற்கு இந்தப் பக்கம் ஒரு நீலம், அந்தப் பக்கம் இன்னொரு நீலம். கேட்டால் "காய்ஞ்சா சரியாயிடும் சார்" என்றார். காய்ந்தது, சரியாகவில்லை. அப்புறம் "உங்க லைட் அப்படி" என்றார். 2700 கெல்வின் மஞ்சள் பல்பில் நீலம் மங்கித் தெரியும், 6500 கெல்வின் வெள்ளை வெளிச்சத்தில் எடுப்பாகத் தெரியும், அதெல்லாம் உண்மைதான். ஆனால் ஒரே பல்பின் கீழ் ஒரே சுவர் எப்படி இரண்டு நீலமாகும்?

ஈரத்துணியால் துடைத்தேன், துணி நீலமானது. அவர் விட்டுப்போன காலி டப்பாக்களைப் புரட்டியதும் விஷயம் புரிந்தது. மணல் நிறத்துக்கு வாங்கிய வெள்ளை பேஸிலேயே, அதாவது நிறம் கலப்பதற்கான அடிப்படை பெயிண்டிலேயே, ஸ்டெயினர் என்கிற சாயத் திரவ பாட்டில்களைக் கவிழ்த்து, தண்ணீரையும் தாராளமாக ஊற்றிக் கையால் கலக்கியிருக்கிறார், அதுவும் இரண்டு தடவையாக. சாம்பிளுக்கு மட்டும் பெயிண்ட் கடை மிஷினில் கலந்த குட்டி டப்பா! கருநீலம் மாதிரி அடர் நிறத்துக்கு டீப் பேஸ் வேண்டும், அதில் டைட்டானியம் டை ஆக்சைடு என்கிற வெள்ளை நிறமி மிகக் குறைவு. வெள்ளை பேஸில் எவ்வளவு ஸ்டெயினர் ஊற்றினாலும் அந்த அடர்த்தி வராது, அளவு மீறினால் சாயம் கையோடு வரும்.

மிஷினில் கலந்த டப்பா என்றால் ஷேடு எண்ணும் பேஸும் போட்ட லேபிள் ஒட்டியிருக்கும், திறப்பதற்கு முன்பே அதைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு நிறத்தையும் ஒட்டி ஒட்டி அடித்துப் பார்ப்பதும் ஏமாற்றும், அடர் நிறத்துக்குப் பக்கத்தில் வெளிர் நிறம் இன்னும் வெளுப்பாகத் தெரியும். தனித்தனி அட்டையில் இரண்டு கோட் அடித்து, பகலிலும் ராத்திரியிலும் அந்தந்தச் சுவரில் வைத்துப் பாருங்கள்.

இப்போது நீலச் சுவரைத் தேய்த்து எடுத்துவிட்டு பிரைமரிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மணல் நிறச் சுவர்கள் நன்றாகவே வந்திருக்கின்றன, அதைக் காட்டி மனுஷன் இன்னும் பாக்கிப் பணம் கேட்டுக்கொண்டிருக்கிறார்.